நிறையா, திணிவா? விபுலானந்தர் என்னும் அறிவியல் ஆசிரியர்

குஜிலியம்பாறைக்கு மாறுதலாகி வருவதற்கு முன், திண்டுக்கல்லுக்கு அருகே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமை ஒட்டிய ஒரு பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். எட்டாம் வகுப்புக்கு ஒரு பருவத் தேர்வில், 'நிறை, எடை வேறுபடுத்துக' என்று ஒரு வினா கேட்டிருந்தேன். முகாமிலிருந்து வந்த ஒரு மாணவி கோடு போட்டு அழகாக அட்டவணை எழுதியிருந்தாள். ஒரு பக்கம் 'திணிவு', மறுபக்கம் 'நிறை'. திணிவு என்றால் பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். நிறை என்றால் அப்பொருள் மீது செயல்படும் புவியீர்ப்பு விசை, அலகு நியூட்டன்.

நான் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுச் சுழியம் வழங்கினேன். நிறைக்கு நியூட்டன் என்று எழுதியிருக்கிறாளே, பாடமே புரியவில்லை என்று நினைத்தேன். 'திணிவு' என்பது அவளாகவே இட்டுக்கட்டியது என்றும் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாத்தா பள்ளிக்கு வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வாசலிலேயே நின்று, "சேர், பிள்ளையில பிழையில்லை. நான்தான் வீட்டில சொல்லிக் குடுத்தனான்" என்றார். உட்காரச் சொல்லி விசாரித்தேன். அவர் திருகோணமலையில் படித்தவர். நாம் 'நிறை' என்பதை அங்கே 'திணிவு' என்பார்களாம். நாம் 'எடை' என்பது அங்கே 'நிறை'. பேத்தி தாத்தாவின் சொற்களில் சரியான விடையை எழுதியிருந்தாள். தப்பு என்னுடையது.

மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆனால் அந்த இரண்டு நாளில் அவள் வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தியிருந்தாள். மறுபடி அவள் கேள்வி கேட்க அந்தப் பருவம் முழுவதும் ஆயிற்று.

கிளம்பும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார். தான் படித்த இந்துக் கல்லூரிக்கு ஒரு காலத்தில் விபுலானந்த சுவாமிதான் அதிபராக இருந்தாராம். "அவர் முதல்ல சயன்ஸ் வாத்தியார், சேர். பிறகுதான் சாமி" என்றார். 'யாழ் நூல்' எழுதியவர் என்ற ஒரு வரிக்கு மேல் விபுலானந்தரைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது. அறிவியல் ஆசிரியர் என்ற செய்தி புதிது. தேடிப் படித்தேன். படித்த பிறகு, நம் பணியில் இருப்பவர்களுக்கு அவரை இந்தப் பக்கத்திலிருந்தும் அறிமுகப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர். இயற்பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 1908இல் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். கொஞ்ச காலம் படித்த பள்ளியிலேயே ஆசிரியர். பிறகு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி. அதாவது நம்மைப் போலவே முறையாகப் பயிற்சி பெற்று வகுப்பறைக்குள் வந்தவர்.

1916ஆம் ஆண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த ஆண்டில் அவர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் தொடங்கிய அதே சங்கம். இலங்கையிலிருந்து அத்தேர்வில் முதலில் தேறியவர் இவர்தான் என்பர். ஒரு கையில் சோதனைக்குழாய், மறு கையில் தொல்காப்பியம். இப்போது நம் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஓய்வறையில் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தாலும், பாடத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைவு. விபுலானந்தர் இருவராகவும் தானே இருந்தார்.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். அங்கிருந்தபடியே படித்து 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். வயது இருபத்தெட்டு. இலங்கையில் தலைமையாசிரியரை 'அதிபர்' என்பார்கள்.

மானிப்பாய் என்ற ஊர்ப்பெயரை அறிவியல் தமிழ் பேசுவோர் மறக்கக் கூடாது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1848இல் அங்கே மருத்துவமனை தொடங்கி, 1864 முதல் தமிழ் வழியிலேயே மருத்துவம் கற்பித்தார். எலும்பு, நரம்பு, மருந்து எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடிப் புத்தகம் போட்டவர். 'தமிழில் அறிவியல் முடியுமா' என்று நாம் இன்றும் பட்டிமன்றம் நடத்துகிறோம். அந்தச் சிற்றூரில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெளிநாட்டுக்காரர் அதைச் செய்து முடித்துவிட்டார்.

விபுலானந்தர் மானிப்பாயில் நீண்ட காலம் இருக்கவில்லை. 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு ஏற்று விபுலானந்தர் என்ற பெயர் பெற்றார். மறு ஆண்டே இலங்கைக்குத் திரும்பி, அங்கிருந்த இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளின் முகாமையாளர் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டில் தாளாளர் என்போமே, அந்தப் பொறுப்பு. திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியது அந்தக் காலத்தில்தான். 1929இல் மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். இன்றும் அது நடக்கிறது. அவருடைய சமாதியும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1933இல் விலகினார். 1939இல் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947 ஜூலை 19இல் காலமானார்.

இந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறையும் பட்டது. எந்தப் பள்ளியிலும் அவர் பத்தாண்டு சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. ஒரு பள்ளி தலைநிமிர ஒரே தலைமையாசிரியர் ஐந்து, ஆறு ஆண்டாவது இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்த ஜூன் மாதத்தில், பாதியில் நின்ற வேலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் சிவானந்த வித்தியாலயம் அவர் சிதம்பரம் போனதும் நின்றுவிடவில்லை. பள்ளியைத் தன் பெயரிலோ தன் கைக்குள்ளோ வைத்துக்கொள்ளாமல், தான் இல்லாதபோதும் ஓடும்படி ஓர் அமைப்பிடம் ஒப்படைத்திருந்தார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் அவரிடம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

தாத்தா சொன்ன சொற்களுக்குத் திரும்புகிறேன். 1930களில் சென்னை மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழியில் பாடம் நடத்தலாமா என்ற பேச்சு சூடு பிடித்திருந்தது. பெரிய தடை கலைச்சொல். அதற்கு முன் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தியிருந்தார்கள். அடுத்த பெரிய முயற்சியைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் எடுத்தது. 1936இல் சென்னையில் அது கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை ஏற்றார். 1938இல் 'கலைச்சொற்கள்' என்ற தொகுதி வெளிவந்தது. பள்ளிப் பாடங்கள் பலவற்றுக்கான சொற்கள் அதில் இருந்தன. புலவர்கள் மட்டும் கூடியிருந்தால் வகுப்பறையில் நிற்காத சொற்கள் வந்திருக்கும். அறிவியல் பட்டதாரிகள் மட்டும் கூடியிருந்தால் ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருப்பார்கள். இருபுறமும் தெரிந்த, வகுப்பறையில் நின்று பழகிய ஒருவர் தலைமையில் இருந்தது நல்வாய்ப்பு.

பிறகு இரு நாடுகளும் தனித்தனிப் பாதையில் போயின. இலங்கையில் 1950களில் அரசே கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. அங்கே இன்றும் உயர்தர வகுப்புவரை அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். நம் பக்கம் பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று. அங்கே பௌதிகவியலும் இரசாயனவியலும் நிலைத்தன. நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல். நம் அழுத்தம் அங்கே அமுக்கம். நம் ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். இவற்றில் பெரிய சிக்கல் இல்லை, சொல் புதிதாக இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிக்கல் 'நிறை'யில்தான். சொல் ஒன்று, பொருள் இரண்டு. தெரிந்த சொல் என்பதால் நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நான் விட்டேன்.

இரு சொல்லாட்சிக்கும் நியாயம் உண்டு. 'நிறு' என்றால் தராசில் இட்டுப் பார்ப்பது, அதிலிருந்து வந்தது நிறை. கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும்போது பொருளின் பாரம்தான் தட்டை இழுக்கிறது. எனவே இலங்கையில் விசைக்கு அச்சொல்லை வைத்தது பொருத்தமே. 'திணி' என்றால் செறிந்து நிரம்புதல். ஒரு பொருளுக்குள் எவ்வளவு திணிந்திருக்கிறது என்பதே திணிவு. நம் பக்கத்து 'எடை' எடுத்தல் என்பதிலிருந்து வந்தது. தூக்கும்போது கை உணர்வது எடை, அதுவும் விசைதான். நம் 'நிறை'யோ, நிறைந்திருப்பது என்ற பொருளையும் மனத்துக்குக் கொண்டுவருகிறது. ஆக, இரண்டும் தமிழாகவே யோசித்த சொற்கள். எது சரி என்ற சண்டைக்கு இடமில்லை. தேர்வில் எதை எழுத வேண்டும் என்பது வேறு, அது நம் பாடநூல் சொல்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் சந்தையில் இருக்கிறது. எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் நிலக்கடலை, முருங்கை என்று எதைக் கொண்டுபோனாலும் 'எடை போடு' என்றுதான் சொல்வோம், அளவோ கிலோவில் வரும். வகுப்பில் வந்து எடையின் அலகு நியூட்டன் என்கிறோம். பிள்ளை எதை நம்பும்? நான் இப்போது விளக்கத்தைப் பாடநூல் வரையறையிலிருந்து தொடங்குவதில்லை. இருதட்டுத் தராசையும் சுருள்வில் தராசையும் மேசை மேல் வைக்கிறேன். இரண்டையும் நிலாவுக்குக் கொண்டு போனால் எது பழைய அளவையே காட்டும் என்று கேட்கிறேன். இருதட்டுத் தராசில் படிக்கல்லும் பொருளும் ஒரே அளவில் இலேசாகும், எனவே அளவு மாறாது. அது காட்டுவது நிறை. சுருள்வில் தராசில் வில் நீள்வது குறையும். அது காட்டுவது எடை. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை பூமியில் ஏறத்தாழ 588 நியூட்டன், நிலாவில் அதில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 98 நியூட்டன். நிறை இரண்டிடத்திலும் 60தான். இவ்வளவும் ஆன பிறகே பெயர்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன். நம் பாடநூல் சொல், ஆங்கிலச் சொல், ஊர்வழக்கு என்று மூன்று பத்திகள். முகாம் பிள்ளைகள் இருந்தால் நான்காவதாக ஒன்று. கருத்து முதலில் பிடிபட்டுவிட்டால் நான்கு பெயர் ஒரு சுமையே இல்லை. ஆங்கில வழிப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் இதே பலகைதான் உதவுகிறது.

ஒரு குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் நான்கு சொல்லா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாச் சொல்லுக்கும் செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. நிறை, எடை, விசை, வேலை, திறன், வெப்பம் போல அன்றாடப் பேச்சிலும் புழங்கி, அறிவியலில் வேறு பொருள் தரும் சொற்கள் ஒரு வகுப்புக்குப் பத்துக்கு மேல் இராது. 'நாள் முழுக்க மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றேன், ஒரு வேலையும் செய்யவில்லை என்கிறீர்களே' என்று பிள்ளைகள் சிரிக்கும் இடங்கள் அவை. அங்கே மட்டும் நின்று போனால் போதும்.

வெளிநாட்டில் ஆசிரியப் பணி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வளைகுடாப் பள்ளிகளும் மாலத்தீவும்தான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வெளிநாடு போய்க் கற்று வருவதும் இப்போது நடக்கிறது. கனவு ஆசிரியராகத் தேர்வு பெற்றவர்கள் 2024இல் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்ததை இவ்விதழ் வாசகர்கள் அறிவார்கள். விபுலானந்தரின் பயணம் இந்த இரண்டிலும் சேராது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார். போன இடத்தில் கற்றதை வந்த இடத்துக்கும், இங்கிருந்ததை அங்கும் சேர்த்தார். ஊதியம் தரும் பதவிகளை விட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பஸ்தர்களான நாம் அதைப் பின்பற்ற முடியாது, அப்படிச் சொல்வதற்கு வெட்கப்படவும் வேண்டியதில்லை.

அவருடைய அறிவியலும் தமிழும் ஒன்றாகக் கலந்த இடம் 'யாழ் நூல்'. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதியை விளக்கப் புகுந்து, பழந்தமிழ் யாழ்கள் எப்படி இருந்தன, அவற்றின் நரம்புகள் எந்தெந்தச் சுரத்தில் கூட்டப்பட்டன என்று கணக்கிட்டார். இயற்பியல் படித்தவரின் கணக்கு அது. தந்தி நீளங்களின் விகிதம், அதிர்வு எண்களின் விகிதம் என்று போகிறது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

நூல் முழுவதையும் பின்தொடரும் அளவுக்கு எனக்கு இசை தெரியாது. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கை எட்டாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் செய்து பார்க்கலாம். ஆய்வகத்தில் சுரமானி இருந்தால் நல்லது, எங்களிடம் இல்லை. ஒரு நீளப் பலகை, ஒரு முனையில் ஆணி, 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி, கம்பிக்கு அடியில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு மரத்துண்டுகள். கம்பியின் மறுமுனையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு பையில் கற்களைப் போட்டுக் கட்டினோம். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்று. கற்களைக் கூட்டிக் குறைத்து 200 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. இங்கேயே ஒரு கேள்வி கேட்டேன்: கம்பியை இழுப்பது கல்லின் நிறையா, எடையா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மூன்று கிலோகிராம் என்பது நிறை, கம்பியை இழுப்பது அதன் எடையான சுமார் 30 நியூட்டன் விசை என்று அவர்களே வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது.

பிறகு மூன்றாவது மரத்துண்டை நடுவில் நகர்த்தினோம். 30 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ், முதல் சுரமே மேல் நிலையில் ஒலிக்கிறது. 40 சென்டிமீட்டரில் 300. நீளம் மூன்றில் இரண்டு பங்கு, அதிர்வு எண் ஒன்றரை மடங்கு. பழந்தமிழ் இசையில் குரலுக்கு இளி நிற்கும் உறவு இதுதான். 45 சென்டிமீட்டரில் 267 அளவில் வர வேண்டும், எங்களுக்கு 270 வந்தது. மரத்துண்டு சரியாக நிற்கவில்லை என்று ஒருவன் சொன்னான். பிழைக்குக் காரணம் தேடியதால் அவனுக்குத் தனியாக ஒரு பாராட்டு.

தமிழாசிரியரை அன்று வகுப்புக்கு அழைத்திருந்தேன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர்களையும் அவர் பலகையில் எழுதினார். கடைசி வரிசையில் ஒரு பையன் உண்டு, அவன் அப்பா கோயில் திருவிழாக்களுக்கு நாகசுரம் வாசிப்பவர். அதுவரை அறிவியல் வகுப்பில் பேசியதே இல்லை. 40 சென்டிமீட்டரில் கம்பியைத் தட்டியதும், செயலியைப் பார்க்காமலே, "சார், இது ப" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "எங்கப்பா தினமும் ஊதறாரே" என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழாயில் துளை போடுவதற்கும் இதே கணக்குத்தானா என்று கேட்டான்.

கம்பிக்கும் காற்றுக்குழாய்க்கும் வேறுபாடு உண்டு, அளந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். திங்கட்கிழமை அப்பாவின் பழைய நாகசுரத்தை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். அளவுகோலும் நூலும் தயாராக வைத்திருக்கிறோம்.